மூன்றாம் தண்ணீர்

அக்கா,

உன் மகள் பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்து இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. ஒட்டன்சத்திரத்துப் பக்கம்தான் அவளைக் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். அவள் மாமியார் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கொத்தவரங்காய் வத்தலை அடைத்து, "புள்ள ஆசப்பட்டாளுங்க. உப்பும் மோரும் போட்டு நானே காய வெச்சதுங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். இன்று காலையில் அந்த டின்னைத் திறந்தேன். புளித்த மோரும் உப்பும் வெயிலும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. மூடியைக் கீழே போட்டுவிட்டுக் கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துவிட்டேன். இருபது வருடமாக இந்த வீட்டுக்குள் உப்புப் போட்ட வத்தல் நுழைந்ததில்லை. நான் நுழைய விட்டதில்லை.

முந்தாநாள் அவளைத் திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போனேன். எட்டு மாதம் முடியப்போகிறது. கால் வீங்கி, கொலுசைக் கழற்ற முடியாமல் சோப்பு நுரை தடவிக் கழற்றியிருந்தோம். ஆஸ்பத்திரியில் இப்போது இருக்கும் டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. கணுக்காலில் பெருவிரலை வைத்து அமுக்கிவிட்டு எடுத்தாள். குழி விழுந்தது, எழும்பவில்லை. "உப்பக் கொறைக்கணும்மா" என்றாள். உன் மகள் சரியென்று தலையாட்டினாள். அந்தக் குழியை நான் உன் காலில் பார்த்திருக்கிறேன்.

இவளுக்கோ அந்த வத்தல்தான் வேண்டுமாம். "கொறைக்கத்தானம்மா சொன்னாங்க, நிறுத்தவா சொன்னாங்க? எங்க அத்தை வத்தல்ல ஒரு வாய் குடு. நாக்கு செத்துப்போச்சு" என்று காலையிலிருந்து பிடுங்கி எடுக்கிறாள். பிடிவாதம் அப்படியே உன்னுடையது, குரலும்தான். நான் ஒரு கைப்பிடி வத்தலைச் சட்டியில் போட்டு வைத்துக்கொண்டு, அதன்மேல் தண்ணீர் ஊற்றவும் பயந்து, தூக்கி எறியவும் மனம் வராமல் உட்கார்ந்திருக்கிறேன். இதை யாரிடம் சொல்ல? உன் அம்மா வீட்டுக்கு நீ சொல்லச் சொல்ல எத்தனை கடிதம் எழுதித் தந்திருக்கிறேன். 'ஓரகத்தின்னா என் ஓரகத்தி மாதிரி இருக்கணும், அஞ்சாம் வகுப்பு படிச்சவ' என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வாய். உனக்கென்று நான் எழுதும் முதல் கடிதம் இதுதான்.

கல்யாணமாகி வந்த புதிதில் உன்னை 'வாங்கக்கா, போங்கக்கா' என்றுதான் கூப்பிட்டேன். மூன்றாம் நாள் நீ உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு, "ஏன்டி, என்னைய மாமியாருன்னு நெனச்சியா? மாமியாரு செத்து ரெண்டு வருசமாச்சு. வா போன்னு சொல்லு, இல்லாட்டி நான் ஒங்கூடப் பேச மாட்டேன்" என்றாய். அன்றைக்கே நீ என்று சொல்லிவிட்டேன். அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்களுக்கு வாக்கப்பட்ட நாம் இரண்டு பேர். இந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?

உனக்கு என் சுபாவம் தெரியும். எனக்கு எதிலும் ஒரு கை கூடத்தான் வேண்டும். பேச்சிலும் அப்படி, உப்பிலும் அப்படி. மழை பொய்த்ததற்கு முந்தின வருடம் கத்தரி வத்தல் பானையைத் திறந்தபோது அடியில் புழு நெளிந்ததை நான் மறக்கவில்லை. அடுத்த தை மாசி மாதங்களில் கொத்தவரையும் கத்தரியும் வாங்க ஆளில்லாமல் கொட்டிக் கிடந்தன. ஊருக்கு மேற்கே இருக்கும் பாறையில் ஓலைப்பாய் விரித்து, நாம் இருவரும் கூடை கூடையாக அவித்துக் கொண்டுபோய்க் காயவைத்தோம். அவிக்கிற தண்ணீரில் நான் உப்பை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"ஏன்டி, இது வத்தலா கருவாடா? இம்புட்டு உப்பையா கொட்டுவ?"

"போன வருசம் புழு வச்சதப் பாத்தேல்லக்கா? இந்தத் தடவ ஒரு புழு கிட்ட வரட்டும், பாக்குறேன்."

"புழு வராது. மனுசனும் கிட்ட வர மாட்டான்."

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். நான்கு பானை நிறைந்தது. வேப்பிலை போட்டு, வாய்க்குத் துணியால் வேடு கட்டி, பரணில் ஏற்றினோம். ஒரு புழுகூட வரவில்லை. அதில் எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த ஐப்பசியில் மழை பெய்யவில்லை. கார்த்திகையிலும் பெய்யவில்லை. தையில் கிணற்றில் வாளி தரைதட்டியது. ஆடுகளை அய்யலூர்ச் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மிஞ்சிய மாடுகளை ஓட்டிக்கொண்டு அண்ணனும் தம்பியும் காவிரிப் பக்கம் மேய்ச்சல் தேடிப் போய்விட்டார்கள். வீட்டில் நாம் இரண்டு பேர், கைக்குழந்தையாக என் மகள், உன் வயிற்றில் இவள். ஒன்பது வருடம் காத்திருந்து உண்டான பிள்ளை. நீ கோயில் கோயிலாகக் கட்டிய தொட்டிலை எல்லாம் நான் கேலி செய்திருக்கிறேன். அந்தப் பிள்ளை பிழைத்து வர வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் இந்த வீட்டில் வேறு நினைப்பே இல்லை.

உன் கால் வீங்கியதும் வடமதுரையில் பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்குப் போனோம். அப்போதிருந்த டாக்டரம்மா கண்டிப்பானவர். "உப்பு தொடவே கூடாது. ஊறுகாய், வத்தல், கருவாடு எதுவும் ஆகாது. ஆனா வெறும் கஞ்சியக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கக் கூடாது. கீரை, காய், பருப்பு எல்லாம் சாப்பிடணும். ஒடம்புல ரத்தமே இல்ல" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் நீ சன்னல் பக்கம் பார்த்தபடி, "உப்பும் ஆகாது, கஞ்சியும் ஆகாது. காய்க்கு எங்கடி போறது, காடே கருகிக் கெடக்கு" என்றாய். "நான் இருக்கேன்ல" என்றேன். எனக்குத்தான் வாய் இருக்கிறதே.

கொல்லையில் முருங்கை மரம் ஒன்று நின்றது. ஊரே காய்ந்தபோதும் அது மட்டும் தளிர்த்துக்கொண்டிருந்தது. தினமும் ஒரு கொப்பை வளைத்து, உப்பில்லாமல் பருப்போடு கீரை வேகவைத்து உனக்குத் தந்தேன். எனக்குக் கூழுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் அந்த வத்தல்தான். அதை ஊறவைத்த உப்புத் தண்ணீரை வடித்துக் கொட்ட மனம் வராது. குடிக்கவே தண்ணீர் இல்லாத காலத்தில் அதை மண்ணில் கொட்டுவதா? இப்படி நினைத்து ஒவ்வொரு நாளும் அந்தத் தண்ணீரை முருங்கையின் அடிமூட்டில் ஊற்றினேன். மரத்துக்காவது உதவட்டும் என்று. மூன்று வாரத்தில் இலை பழுத்தது, உதிர்ந்தது, கொப்பு சுள்ளியாக ஒடிந்தது. வறட்சி என்றுதான் நினைத்தேன். நீதான் மூட்டைக் கிளறி, மண்ணில் வெள்ளையாகப் படிந்திருந்ததை விரலில் தொட்டுப் பார்த்தாய்.

"மரத்துக்குப் போயி உப்புத்தண்ணியவா ஊத்தின?"

நீ என்னைத் திட்டியிருக்கலாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாய். "டாக்டரம்மா எனக்கு மட்டும் பத்தியம் சொன்னாங்க பாரு. இதுக்கும் சேத்துச் சொல்லியிருக்கணும்" என்றாய்.

அதன்பிறகு பருப்பும் கேப்பையும் வத்தலும் மட்டும்தான் மிச்சம். பருப்பும் கையளவுதான். உப்பில்லாத கூழ் உன் தொண்டைக்குள் இறங்கவில்லை; இறங்கியதும் வெளியே வந்தது. இரண்டு நாள் பட்டினியாகக் கிடந்தாய். அப்போதுதான் நான் சொன்னேன், "மூணு தண்ணி மாத்துனா வத்தல்ல இருக்குற உப்பு அம்புட்டும் போயிரும்க்கா" என்று. எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தது. ஆனால் பொய்யில்லை. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் மஞ்சளாக, நுரைத்து, நாற்றத்தோடு உப்பு இறங்கும். அதை வடித்து இரண்டாம் தண்ணீர் ஊற்றினால் கலங்கலாக நிற்கும். மூன்றாம் தண்ணீர் தெளிந்துவிடும். சுருண்டு கிடந்த வத்தல் அதில்தான் உப்பி, நிமிர்ந்து, மறுபடி காயாகும். முதல் நாள் நான் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உனக்குக் கொடுத்தேன். நீ ஒரு சட்டியைக் காலி செய்தாய். "இப்பத்தான்டி உசுரு வந்துச்சு" என்றாய். பத்து நாள் அப்படிப் போனது. கால் வீக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பங்குனிக் கடைசியில் ஆற்றுமணலில் தோண்டிய ஊற்றும் வற்ற ஆரம்பித்தது. விடியுமுன் போய் வரிசையில் உட்கார்ந்து, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு ஊற்றினால் வீட்டுக்கு இரண்டு குடம் கிடைத்தது. பிறகு ஒரு குடம்தான் என்று ஊரில் பேசி முடிவு செய்தார்கள். அந்த வாரத்தில்தான் என் மகளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. ஏழு மாதக் குழந்தை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சங்கில் புகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். துணியை அலச வேண்டும். எனக்குப் பால் ஊற நானும் குடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரு குடம்.

அந்த நாளை நான் எத்தனை தடவை திரும்பத் திரும்பப் பார்த்திருப்பேன். முதல் தண்ணீரை வடித்தாயிற்று. குடத்தைச் சாய்த்துப் பார்த்தேன், பாதிக்கும் கீழே கிடந்தது. பொழுது உச்சிக்குக்கூட வரவில்லை. குழந்தை தோளில் துவண்டு கிடந்தாள், உதடு காய்ந்திருந்தது. சட்டியில் வத்தல் பாதி சுருண்டும் பாதி விரிந்தும் கிடந்தது. இரண்டாம் தண்ணீர் ஊற்றவில்லை, அக்கா. அப்படியே பிழிந்து, பருப்போடு போட்டு வேகவைத்தேன். அன்றைக்கு வாயில் போட்டுப் பார்க்கவும் இல்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே.

"மூணு தண்ணி மாத்தினியாடி?" என்று கேட்டாய்.

"மாத்தியாச்சுக்கா."

ஒரு வாய் வைத்தாய். மென்றாய். என்னைப் பார்த்தாய். என் தோளில் கிடந்தவளைப் பார்த்தாய்.

"உப்பே இல்லடி. மண்ணத் திங்கிற மாதிரி இருக்கு" என்றாய்.

எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. பரவாயில்லை, ஒரு தண்ணீரிலேயே உப்புப் போய்விட்டது என்று நம்பினேன். நம்புவது அவ்வளவு சுலபமாக இருந்தது. மறுநாளும் ஒரு தண்ணீர்தான். அதற்கு மறுநாளும் அப்படியே. ஆறு நாள் நான் மாற்றியாச்சு என்றேன்; ஆறு நாளும் நீ மண் மாதிரி இருக்கிறது என்றாய். உன் பங்குத் தண்ணீரிலும் பாதியைக் குழந்தைக்கு ஒதுக்கி வைப்பாய். கேட்டால், "எனக்குத் தாகமே இல்ல, எடுத்துக்க" என்பாய். உன் முகம் உப்பியதைப் பார்த்து, சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறது என்று நினைத்த மூடம் நான்.

ஆறாம் நாள் பாதிதான் சாப்பிட்டாய். மிச்சத்தைச் சட்டியோடு ஒரு தட்டால் மூடி அடுப்பு மேடையில் வைத்தாய். ஏழாம் நாள் காலையில், "தல வெடிக்குதுடி. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது" என்றாய். நம் மாடுகள்தான் இல்லையே. கீழ வீட்டுக்காரரின் வண்டியைக் கெஞ்சிக் கூப்பிட்டுக் கிளம்பினோம். பாதி வழியில் உனக்கு இழுப்பு வந்தது. உன் பல்லுக்கு நடுவே என் முந்தானையைச் சுருட்டி வைத்தேன். அந்தச் சேலை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் உன் மகளை உயிரோடு எடுத்துக் கொடுத்தார்கள். அவளை உனக்குக் காட்டவே முடியவில்லை. நீ கண்ணைத் திறக்காமலேயே போய்விட்டாய்.

காடு வரை போய் வந்தவர்கள் கலைந்த பிறகு, இரண்டு பிள்ளைகளையும் இரண்டு பக்கம் கிடத்திவிட்டு அடுப்பங்கரைக்குள் போனேன். நீ மூடிவைத்த சட்டி அங்கேயே இருந்தது. அந்த வெயிலில், ஆள் இல்லாத வீட்டில், அது தண்ணீரெல்லாம் சுண்டி மறுபடியும் வத்தலாகக் காய்ந்து கிடந்தது. சட்டியின் விளிம்பைச் சுற்றி உப்புப் பூத்திருந்தது, வெள்ளையாக, முருங்கை மூட்டில் பூத்த மாதிரியே. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். நாக்கு வெந்துபோகிற உப்பு. அதையா அக்கா ஆறு நாள் விழுங்கிவிட்டு மண் மாதிரி இருக்கிறது என்றாய்?

ஏன் சொல்லவில்லை? 'உப்பாக் கெடக்குடி, ஏமாத்துறியா' என்று என் தலையில் ஒரு குட்டு வைத்திருக்கக் கூடாதா? மரத்தைக் கொன்றபோது சிரித்தாயே, அதேபோல் சிரித்துச் சொல்லியிருக்கக் கூடாதா? உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. தட்டைத் தள்ளியிருக்கலாம். பட்டினி கிடந்திருக்கலாம். ஒன்பது வருடம் தவம் கிடந்தவள் நீ. உன் பிள்ளையை விட என் பிள்ளை உனக்குப் பெரிதா? ஆனால் ஆத்திரம் ஓய்ந்ததும் இன்னொரு கேள்வி வந்து நிற்கும். நீ உண்மையைச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? குடத்தில் கிடந்ததை யாருக்கு ஊற்றியிருப்பேன்? இருபது வருடமாக யோசிக்கிறேன். இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்தக் குடத்துக்கு முன்னால் என்னை நிறுத்தக் கூடாது என்றுதான் நீ வாயை மூடிக்கொண்டாய்.

உப்பு ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆரம்பத்திலிருந்தே ஆபத்தாகத்தான் இருந்தது என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா என் கையைப் பிடித்துச் சொன்னார். அந்தச் சட்டியை அவர் பார்க்கவில்லையே.

இரண்டு பேருக்கும் நான்தான் பால் கொடுத்தேன். 'ஓரகத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்த்த புண்ணியவதி' என்று ஊர் சொல்லும்போது எழுந்து போய்விடுவேன். அந்தப் பால் எந்தத் தண்ணீரில் ஊறியது என்று எனக்குத்தானே தெரியும். மூன்றேமுக்கால் பானை வத்தலையும் குழி தோண்டிப் புதைத்தேன். அதற்குப் பிறகு நான் போடும் வத்தலில் ஒரு கல் உப்புக் கிடையாது. மாதம் ஒரு முறை பானையைக் கவிழ்த்து வெயிலில் போடுகிறேன். அப்படியும் பாதி புழுத்துப் போகிறது. பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைக் கட்டிவைக்கிறேன். இந்த ஊரில் நான் ஒரு கேலிப் பொருள். புழு வரட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும்.

காலையில் இதுவரை எழுதி மடித்து வைத்திருந்தேன். இப்போது சாயங்காலம். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நம் கிணற்றில் கரண்ட் மோட்டார் இருக்கிறது, அக்கா. சுவிட்சைப் போட்டால் கை கனத்துக்குத் தண்ணீர் வந்து தொட்டியில் விழுகிறது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே எரியும். இன்றைக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கே போனேன். மூன்று தண்ணீர் மாற்றினேன். நம்பிக்கை வரவில்லை. ஏழு தண்ணீர் மாற்றினேன். வத்தல் நைந்து நார்நாராக வந்தபிறகுதான் அடுப்பில் ஏற்றினேன். கொதிக்கும்போது உன் மகளின் காலை மடியில் எடுத்து வைத்து அமுக்கிப் பார்த்தேன். "என்னம்மா, மணிக்கு ஒருக்கா அமுக்குற?" என்றாள். குழி விழுந்தது. மெல்ல எழும்பிய மாதிரியும் இருந்தது, எழும்பாத மாதிரியும் இருந்தது.

தட்டில் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தாள். மென்றாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா இது, உப்பே இல்ல. மண்ணத் திங்கிற மாதிரி இருக்கு."

ஒரு சொல் பிசகவில்லை. யாரும் அவளுக்கு இதைச் சொன்னதில்லை. ஏழு தண்ணீர் மாற்றியது நான்தான். என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனாலும் அந்த வார்த்தையை என்னால் நம்ப முடியவில்லை. உன் வயிற்றில் பிறந்தவள் ஆயிற்றே. அவள் தட்டுக்குள் கையை விட்டு, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். "ஐயோ, என் எச்சிலும்மா அது!" என்று கையைப் பிடித்தாள். நான் மென்றேன். நின்று, நிதானமாக, கடைசி நார் வரைக்கும் மென்றேன்.

மண்தான், அக்கா. சத்தியமாக மண் மாதிரிதான் இருந்தது.

நான் அழுவதைப் பார்த்து அவள் பயந்துவிட்டாள். "இம்புட்டுக்கா அழுவாக? உப்பில்லாட்டி என்ன, தின்னுக்கிறேன்" என்று தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நாளைக்கு மறுபடி டாக்டரம்மாவிடம் போகிறோம். எனக்கு ஒன்றும் நிச்சயமாகத் தெரியவில்லை, பயமாக இருக்கிறது. ஒன்று மட்டும் செய்வேன். இந்த ஒரு மாதமும் ஒவ்வொரு வேளையும், அவள் என்ன சொன்னாலும், அவள் தட்டில் முதல் வாய் என்னுடையது.